ஸ்லீப் அப்னியா உள்ளவரிடம் மொழியைச் சோதிப்பது: ஆய்வறையில் கற்றவை

ஸ்லீப் அப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றோ குறைந்தோ போகும் நோய், உள்ளவர்கள் குறட்டையையும் பகல் தூக்கத்தையும் பற்றித் தாமாகவே சொல்லிவிடுவார்கள். கேட்டால்தான் வெளிவருகிற குறை ஒன்று உண்டு: "பேர் வாய் வரைக்கும் வருது, வெளியே வரல." தெரிந்தவர் பெயர் வராது, அன்றாடம் புழங்கும் பொருளின் பெயர் வராது, பேச்சு பாதியில் நின்றுவிடும். இதைக் கேட்டவுடன் மூளையின் மொழிப் பகுதியில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, நேராகப் படம் காட்டிப் பெயர் கேட்கும் சோதனையில் இறங்குகிற ஆய்வாளர்கள் உண்டு. முதலில் இரவை அளக்க வேண்டும், பிறகு விழிப்பை அளக்க வேண்டும், மொழிக்கு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். முதல் இரண்டும் கையில் இல்லாவிட்டால் மொழிச் சோதனையின் மதிப்பெண் எதைக் காட்டுகிறது என்றே சொல்ல முடியாது.

காரணம் எளிது. இந்நோயில் அறிவாற்றல் எங்கே குறைகிறது என்று பல தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ரோமோலா பக்ஸ் குழுவின் 2013 கட்டுரை, கவனம், விழிப்பு, சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்தல், திட்டமிட்டுச் செயல்படுதல் ஆகியவற்றில் குறைவைக் காட்டியது. மொழித்திறனே பழுதாவதற்கு அங்கே உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1861ல் பிரோக்காவும் 1874ல் வெர்னிக்கேயும் விவரித்த இடது மூளைப் பகுதிகள் சிதைந்தால் வாக்கியம் உடையும், அல்லது கேட்பது புரியாது. அப்னியா உள்ளவருக்கு இரண்டும் நடப்பதில்லை. அவருக்குச் சிக்கல், இருக்கும் சொல்லைத் தேடி எடுப்பதிலும் புதிய சொல்லைப் பதியவைப்பதிலும்தான். தேடல் வேலையில் நெற்றிப்புற மூளைக்குப் பெரும் பங்கு, பதிவு ஹிப்போகேம்பஸின் வேலை. இரவெல்லாம் ஆக்சிஜன் விட்டுவிட்டு இறங்குவதையும் உறக்கம் துண்டுபடுவதையும் தாங்க முடியாத இடங்கள் என்று கருதப்படுபவையும் இவையே.

இரவு

ஏஎச்ஐ என்ற ஒற்றை எண்ணை அறிக்கையிலிருந்து எடுத்துத் தாளில் ஒட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஒரு மணி நேர உறக்கத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதுதான் அந்த எண். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது என்பது வழக்கம். ஆனால் எதை "மூச்சு குறைந்தது" என்று எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். மூச்சோட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ 10 நொடிக்குக் குறையாமல் அடங்கினால் அது அப்னியா. இதில் சச்சரவு இல்லை. 30 விழுக்காடு குறைந்தால் ஹைப்பாப்னியா. இங்கேதான் விதி பிரிகிறது: ஒரு விதியின்படி ஆக்சிஜன் 3 விழுக்காடு இறங்கினாலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியில் நுண்விழிப்பு, அதாவது சில நொடி விழிப்பு, தெரிந்தாலோ போதும். மற்றதன்படி 4 விழுக்காடு இறங்கியே ஆக வேண்டும், நுண்விழிப்பு கணக்கில் வராது. ஒரே இரவின் பதிவு முதல் விதியில் நடுத்தரமாகவும் இரண்டாம் விதியில் லேசாகவும் வரும். சொல் தேடலை ஆராய்கிறவருக்கு முதல் விதியே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. பகல் கவனத்தைக் குலைப்பதில் துண்டுபட்ட உறக்கத்துக்குப் பெரும் பங்கு இருக்க, அதைக் காட்டும் நுண்விழிப்பை விட்டுவிட்டு எண்ணுவதில் பயன் இல்லை.

வீட்டில் செய்யும் சோதனையில் இன்னொரு குழி. அதில் பெரும்பாலும் இஇஜி கிடையாது. உறங்கிய நேரம் தெரியாது. எனவே கருவி ஓடிய மொத்த நேரத்தால் வகுக்கிறார்கள். ஒருவருக்கு இரவில் 120 தடைகள், கருவி ஓடியது 8 மணி நேரம், உண்மையில் உறங்கியது 5 மணி நேரம் என்று வையுங்கள். அறிக்கையில் 15 வரும். உறங்கிய நேரத்தால் வகுத்தால் 24. தூக்கம் வராமல் புரள்கிறவர்களுக்குத்தான் இந்தப் பிழை அதிகம், பகலில் சொல் தடுமாறுவதாகச் சொல்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. காலையில் எழுந்ததும் படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், விழித்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் ஓரளவு சரிசெய்யலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பும் ஆய்வுகளில் கருவி எத்தனை நொடிக்குச் சராசரி எடுக்கிறது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். 3 நொடிக்கு மேல் சராசரி எடுக்கும் கருவி குறுகிய இறக்கங்களை மழுங்கடித்துவிடும். 94லிருந்து 89க்கு இறங்கி ஏறியது 92 வரை மட்டும் இறங்கியதுபோல் தெரியும். நகப்பூச்சு, குளிர்ந்த விரல், தளர்ந்த கிளிப் ஆகியவையும் போலி இறக்கங்களைத் தரும். நாடித்துடிப்பின் அலைவடிவம் சேமிக்கப்படும் கருவியாக இருந்தால் எந்த இறக்கம் மெய், எது கை அசைவு என்று பிரிக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் முதல் இரவு யாரும் வழக்கம்போல் தூங்குவதில்லை. கனவு மிகுந்த ரெம் உறக்கம் குறையும். அப்னியா பலருக்கு ரெம் உறக்கத்திலும் மல்லாந்து படுக்கும்போதும்தான் கடுமையாகிறது. ஆகவே முதல் இரவின் எண் பலருக்கு உண்மையைவிடக் குறைவு. முடிந்தால் இரண்டாம் இரவை எடுங்கள். முடியாவிட்டால் ரெம் நிமிடங்களையும் மல்லாந்து படுத்த நிமிடங்களையும் அறிக்கையில் சேர்த்தாவது எழுதுங்கள். இவற்றோடு ஆக்சிஜன் 90க்குக் கீழே கழிந்த மொத்த நேரம், ஒரு மணி நேரத்துக்கான நுண்விழிப்புகள் ஆகிய இரண்டும் இருந்தால், மொழி மதிப்பெண்ணோடு ஒப்பிட ஏஎச்ஐயைவிட நல்ல எண்கள் கையில் இருக்கும்.

விழிப்பு

பகல் தூக்கத்தைக் கேள்விகளால் அளக்கும் எப்வொர்த் அளவுகோல், மெல்பனில் முர்ரே ஜான்ஸ் 1991ல் வெளியிட்டது. எட்டு சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3; மொத்தம் 24ல் 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் மிகுதி. அதிலுள்ள இரண்டு கார் கேள்விகளையும் காரில் அதிகம் போகாதவர்கள் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் ஆறு வரை குறைந்துபோகும். "அண்மையில் அப்படி நடக்கவில்லை என்றாலும் நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்" என்ற அறிவுறுத்தல் படிவத்திலேயே இருக்கிறது, அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். பல ஆண்டுகளாகத் தூக்கக் கலக்கத்தோடே வாழ்பவர் அதை இயல்பு என்று எண்ணித் தாழ்வாகக் குறிப்பார். உடன் வாழ்பவரிடம் தனியாக ஒரு படிவம் நிரப்பச் சொன்னால் வித்தியாசம் தெரியும்.

எப்வொர்த் பொதுவான நிலையைச் சொல்லும். சோதனை நடக்கிற அந்த மணி நேரத்தில் அவர் எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்று சொல்லாது. அதற்குப் பிவிடி எனும் எதிர்வினைச் சோதனை வேண்டும். 10 நிமிடம், 2 முதல் 10 நொடி வரையிலான ஒழுங்கற்ற இடைவெளியில் திரையில் எண் ஓடத் தொடங்கும், கண்டதும் அழுத்த வேண்டும். 500 மில்லிநொடியைத் தாண்டிய ஒவ்வொரு எதிர்வினையும் ஒரு நழுவல். தொடுதிரை தானே சில பத்து மில்லிநொடி தாமதத்தைச் சேர்க்கும் என்பதால், ஆய்வு முடியும்வரை ஒரே கருவியை விடாமல் பயன்படுத்த வேண்டும். மொழிச் சோதனைக்குச் சற்று முன்பு பிவிடி வைத்து, நழுவல்களின் எண்ணிக்கையை மொழி மதிப்பெண்ணோடு சேர்த்தே பகுப்பாய்வில் போடுங்கள். அப்படிப் போட்டதும் "மொழிக் குறைவு" என்று தெரிந்ததில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். பெரிதாக மிஞ்சாது என்ற எதிர்பார்ப்போடு பார்ப்பது நல்லது.

சோதனை நேரம் எல்லோருக்கும் ஒரே மணியாக, அதே ஆளுக்கு இரண்டாம் முறையும் அதே மணியாக இருக்கட்டும். மதிய உணவுக்குப் பிந்திய நேரம் வேண்டாம். காபியைத் திடீரென நிறுத்தச் சொன்னால் தலைவலியோடு வந்து உட்காருவார்கள். வழக்கமான அளவை வழக்கமான நேரத்தில் குடிக்கச் சொல்லி, அளவைக் குறித்துக்கொள்வது மேல். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, மது ஆகிய ஐந்தும் இதே சொல் தடுமாற்றத்தைத் தரும், இதே வயதினரிடம் இருக்கும். கேட்காமல் விடக்கூடாது. காதையும் பாருங்கள்: 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை வைத்து ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை. சொல் பட்டியலைச் சரியாகக் கேட்காதவருக்கு நினைவாற்றல் குறைவு என்று எழுதிவிடும் ஆபத்து இதனால் நீங்கும்.

மொழி

இனி முக்கிய வேலை. ஆங்கிலச் சோதனைகளை அப்படியே தமிழாக்குவதில்தான் அதிகம் கெடுகிறது.

சொல் பட்டியல் நினைவுச் சோதனையில் 15 சொற்களை நொடிக்கு ஒன்றாகப் படித்து, ஐந்து முறை சொல்லவைத்து, இடையில் வேறொரு பட்டியலைக் குறுக்கிட்டு, உடனே ஒரு முறையும் 20 முதல் 30 நிமிடம் கழித்து ஒரு முறையும் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஓரசையாக இருக்கிற சொல் தமிழில் நான்கைந்து எழுத்தாக நீளும். நீண்ட சொற்கள் குறைவாகவே நினைவில் நிற்கும், எனவே மொழிபெயர்த்த பட்டியலில் ஆரோக்கியமானவரே குறைந்த மதிப்பெண் வாங்குவார். பொருளைப் பெயர்ப்பதை விட்டுவிட்டு, மூன்று நான்கு எழுத்துக்குள் அடங்கும் பழகிய பெயர்ச்சொற்களைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கதவு, மணல், பறவை, விளக்கு போல. எதுகையும் மோனையும் அடுத்தடுத்து வரவே கூடாது. "கப்பல்" அருகே "உப்பு" வந்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துவரும். பாட்டும் பழமொழியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது இலவச உதவி. இரண்டு சொற்கள் ஒரே வகையைச் சேர்ந்தவையாகவும் இருக்கக்கூடாது. இப்படி ஒரே தரத்தில் குறைந்தது இரண்டு பட்டியல்களைச் செய்துவைக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் அதே பட்டியலைக் கொடுத்தால் பழக்கத்தால் வரும் ஏற்றத்தைச் சிகிச்சையின் பலன் என்று நினைத்துவிடுவோம். பாதிப் பேருக்கு முதல் பட்டியல் முன்பும் மீதிப் பேருக்கு அது பின்பும் வரும்படி மாற்றிக் கொடுங்கள்.

விளக்கம் எடுக்கும்போது மொத்த மதிப்பெண்ணைவிட வடிவம் முக்கியம். தானாகச் சொல்லும்போது குறைவு, ஆனால் பட்டியலைக் காட்டி "இது இருந்ததா" என்றால் சரியாகச் சொல்கிறார்: பதிவு இருக்கிறது, எடுப்பதில்தான் தடை. இரண்டிலும் குறைவு: பதியவே இல்லை. முதல் முறை படித்ததும் மிகக் குறைவு, ஐந்தாம் முறையில் இயல்பு நிலை: தொடக்கத்தில் கவனம் இல்லை. மூன்றையும் ஒரே எண்ணில் கூட்டிப்போட்டால் எதுவும் தெரியாது.

சொல்வளச் சோதனையில் 60 நொடிக்குள் விலங்குகளின் பெயர் சொல்லச் சொல்வோம். கணக்கெடுக்கும் விதியைச் சோதனை தொடங்கும் முன்பே எழுத வேண்டும். "புலி"க்குப் பின் "டைகர்" வந்தால் ஒன்றே. "டால்பின்" தமிழில் வழங்கும் பெயர், எண்ணலாம். "ஆடு, ஆட்டுக்குட்டி" என்றால் ஒன்றா இரண்டா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே முடிவு. எழுத்து வைத்துக் கேட்கும் வடிவம் தமிழில் இன்னும் சிக்கலானது. "க எழுத்தில் தொடங்கும் சொற்கள்" என்றால் சிலர் "க" மட்டும் என்று நினைத்துக் "காடு", "கிளி"யை விட்டுவிடுவார்கள். சிலர் க முதல் கௌ வரை முழு வரிசையையும் எடுப்பார்கள். இரு தரப்பும் எடுத்த எண்களை ஒப்பிடவே முடியாது. "க, கா, கி, கீ என்று எந்த எழுத்தில் தொடங்கினாலும் சரி" என்று சொல்லி, வேறொரு எழுத்தில் மூன்று எடுத்துக்காட்டும் தந்துவிட்டுத் தொடங்குங்கள். "கண், கண்கள், கண்ணால்" ஒரு சொல்லே. "கேட்டான், கேட்டாள், கேட்கிறேன்" ஒன்றே. இந்த விதியை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஒரே சொல்லின் வடிவங்களை மாற்றி மாற்றியே நிமிடத்தை ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துச் சோதனை வேண்டாம். விலங்கு, சமையல் பாத்திரம் போன்ற வகைகளே போதும்.

பதிவைக் கேட்டு 15 நொடிக் கூறுகளாக நான்காகப் பிரியுங்கள். முதல் கூறில் சொற்கள் தாமே கொட்டும். பிறகு வருபவை முயன்று தேடி எடுப்பவை. வீட்டு விலங்கு முடிந்ததும் காட்டு விலங்குக்கும், அதிலிருந்து நீர்வாழ்வனவற்றுக்கும் தாவ வேண்டும். அப்படித் தாவுவது நெற்றிப்புற மூளையைச் சார்ந்தது, ஒரு தொகுதிக்குள் அடுக்கிச் சொல்வது பக்கவாட்டு மூளையைச் சார்ந்தது என்பது 1997ல் ஆஞ்சலா ட்ராயர் குழு முன்வைத்த பிரிப்பு. அப்னியா உள்ளவரிடம் தொகுதிகள் இயல்பாக இருந்து தாவல் மட்டும் குறைந்தால், சொற்கிடங்கு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

படப் பெயரிடுதலில் அப்னியா உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகவே சொல்லிவிடுவார்கள். சரி தவறு என்று எண்ணினால் எதுவும் புலப்படாது. படம் தோன்றியதிலிருந்து வாய் திறக்கும் வரையிலான நேரத்தை ஒலிப்பதிவிலிருந்து அளக்க வேண்டும். 20 நொடிக்குள் வராவிட்டால் முதலில் பொருள் குறிப்பு, அதிலும் வராவிட்டால் ஒலிக்குறிப்பு. தமிழில் ஒலிக்குறிப்பாக மெய்யெழுத்தைத் தருவது பயனில்லை. முதல் அசையைத் தாருங்கள், முதலைக்கு "மு…" என்று. அந்த ஓரசையில் சொல் வந்துவிட்டால் தடை எடுப்பதில்தான். பேச்சுவழக்கு வடிவத்தைத் தவறு என்று போடக்கூடாது. "ஆனை" என்பவருக்கு யானையின் பெயர் தெரியும். கத்தரிக்கோல், கத்திரிக்கோல், கத்திரி எல்லாம் சரியே. ஏற்கத்தக்க வடிவங்களின் பட்டியலை ஆரோக்கியமானவர்களிடம் முன்சோதனை செய்து தயாரித்துவிடுங்கள்; மதிப்பெண் போடுகிறவரின் காதுக்கு விட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும்.

உறக்கம் சொற்களுக்கு என்ன செய்கிறது என்பதையே நேராகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நிக்கோலா ட்யூமேயும் கேரத் கேஸ்கலும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், இருக்கும் சொல்லைப் போலவே தொடங்கி முடிவு மட்டும் மாறும் பொய்ச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற சொல் உடனே நினைவில் இருந்தது. ஆனால் அது பழைய சொல்லோடு போட்டியிட்டு அதை அடையாளம் காண்பதைத் தாமதப்படுத்தியது இடையில் ஓர் உறக்கம் கழிந்த பிறகுதான். அதாவது சொல் மூளையின் அகராதிக்குள் குடியேற உறக்கம் தேவைப்பட்டது. தமிழில் இதைச் செய்ய "சக்கரம்" என்பதிலிருந்து "சக்கரூடு", "மத்தளம்" என்பதிலிருந்து "மத்தளுகு" என்று உருவாக்கலாம். வல்லின மெய்யில் முடிக்காதீர்கள், தமிழ்ச் செவிக்கு அது அந்நியமாகப் படும். மாலையில் கற்றுக் காலையில் சோதிப்பவர்களையும், காலையில் கற்று மாலையில் சோதிப்பவர்களையும் வைத்து ஒப்பிடுவது வழக்கமான அமைப்பு. அப்னியா உள்ளவர்களிடம் இது தனியே போதாது: காலையில் அவர்கள் மந்தமாக இருப்பதே தாமதத்தைத் தரும். புதுச்சொல் கற்பிக்கப்படாத கட்டுப்பாட்டுச் சொற்களையும் அதே அமர்வில் சோதித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்க் போட்ட பிறகு

சிபாப் சிகிச்சையை 1981ல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு அறிமுகப்படுத்தியது. மாஸ்க் வழியே வரும் காற்றழுத்தம் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும்; பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீர்மட்ட அழுத்தத்துக்குள். இதைப் போட்டால் சொல் தடுமாற்றம் போகுமா என்று கேட்பார்கள். ஆப்பிள்ஸ் என்ற பெரிய சோதனை, சுமார் 1,100 பேரை ஆறு மாதம் மெய்யான சிபாப், பலனற்ற அழுத்தம் தரும் போலி சிபாப் என்று பிரித்துப் பார்த்து 2012ல் முடிவை வெளியிட்டது. சொல் நினைவில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. செயல் நினைவில் இரண்டாம் மாதம் தெரிந்த சிறு ஏற்றமும் ஆறாம் மாதத்தில் இல்லை. இதை வைத்துச் சிபாப் பயனற்றது என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். தொடக்கத்திலேயே குறைவில்லாதவர்களிடம் முன்னேற இடம் ஏது? இதற்கு முன்பே, 2006ல், மோலி ஸிம்மர்மன் குழு சொல் நினைவு குறைந்திருந்தவர்களை மட்டும் எடுத்து மூன்று மாதம் பின்தொடர்ந்தபோது, இரவுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் மாஸ்க் போட்டவர்கள் இயல்பு நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு, 2 மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அது சீட்டுக்குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. ஒழுங்காக மாஸ்க் போடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்கானவர்களாக இருக்கலாம். ஆனாலும் நேரக் கணக்கு புறக்கணிக்கத்தக்கது அல்ல.

"இரவுக்கு 4 மணி நேரம் போட்டால் போதும்" என்பது காப்பீட்டுத் துறை பரப்பிய எல்லை. டெர்ரி வீவர் குழு 2007ல் காட்டியபடி, தூக்க உணர்வு குறைய ஏறத்தாழ 4 மணி, கருவி வைத்து அளந்த தூக்கச்சாய்வு சரியாக 6 மணி, அன்றாடச் செயல்பாடு சீராக 7.5 மணி வரை தேவைப்பட்டது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரெம் உறக்கம் இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் குவிகிறது. 11 மணிக்குப் படுத்து 3 மணிக்கு மாஸ்க்கைக் கழற்றுகிறவரின் கருவி "4 மணி நேரம்" என்று நல்லபடியாகக் காட்டும். அப்னியா கடுமையாகிற நேரம் முழுதும் அவர் சிகிச்சையின்றித் தூங்கியிருப்பார். எனவே எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த மணி நேரம் என்பதையும் கருவியின் பதிவிலிருந்து எடுங்கள். மோட்டார் ஓடிய நேரமும் முகத்தில் மாஸ்க் இருந்த நேரமும் வேறு வேறு, இரண்டாவதுதான் வேண்டும்.

நடு இரவில் கழற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது, சரிசெய்யக்கூடியது. மாஸ்க்கை உட்கார்ந்தபடி பொருத்திப் பார்த்தால் சரியாக இருக்கும். படுத்ததும் முகத்தசை சரிந்து கண்பக்கம் காற்று ஒழுகும். படுத்த நிலையில், முழு அழுத்தத்தில் பொருத்த வேண்டும். ஒழுகுகிறதென்று வாரை இறுக்கினால் முகத்தில் படும் மாஸ்க் மெத்தை நசுங்கி மேலும் ஒழுகும்; கொஞ்சம் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து தூக்கி மீண்டும் அமரவையுங்கள். முகத்தின் எண்ணெய் படிவதால் மெத்தையைத் தினமும் மிதமான சோப்பில் கழுவ வேண்டும். வாய் வறண்டு விழித்தால் வாய்வழியே காற்று போகிறது. ஈரப்பதத்தைக் கூட்டுவதும், மூக்கடைப்பைச் சரிசெய்வதும், அதற்கும் மேல் முழுமுக மாஸ்க்குக்கு மாறுவதும் வரிசை. குழாயில் நீர் துளிர்த்து முகத்தில் தெறித்தால் அறை குளிர்ச்சியாகவும் ஈரப்பத அளவு அதிகமாகவும் இருக்கிறது. ஆய்வாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு: காலையில் தொண்டை வறண்டு குரல் கம்மியிருக்கும். எழுந்த உடனே ஒலிப்பதிவு எடுத்தால் பெயரிடும் நேரம் தேவையில்லாமல் நீளும். தண்ணீர் கொடுத்து, சற்று நேரம் பேசவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்கேனருக்குள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் ரொனால்ட் ஹார்ப்பர் குழு 2002ல் அப்னியா உள்ள 21 பேரையும் இல்லாத 21 பேரையும் எம்ஆர்ஐயில் ஒப்பிட்டு, பேச்சையும் மூச்சையும் ஒழுங்குபடுத்தும் இடங்கள் உட்படப் பல பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் குறைந்திருப்பதாகச் சொன்னது. அந்த நோயாளிகளில் சிறுவயதில் திக்குவாய் போன்ற பேச்சுக் கோளாறு இருந்தவர்கள் கணிசம் என்ற தகவல் பலரைக் கவர்ந்தது. 2005ல் ஃபெர்கல் ஓ'டானஹ்யூ குழு கடுமையான அப்னியா உள்ளவர்களிடம் தேடியபோது அப்படிக் குறைவு காணவில்லை. சிறிய எண்ணிக்கை, புள்ளியியல் வரம்பு, படத்தை மென்மையாக்கும் அளவு என இவை மாறினாலே முடிவு மாறும் துறை இது. அந்தத் திக்குவாய்ச் செய்தி ஒரு கருதுகோளைத் தரலாம், அதற்கு மேல் எதையும் ஏற்றக்கூடாது.

மூளை வேலை செய்யும்போதே படமெடுக்கும் செயல்படு எம்ஆர்ஐயில் இரண்டு பொறிகள். ஒன்று: அப்னியா உள்ளவர் ஸ்கேனருக்குள் தூங்கிவிடுவார். மனதுக்குள் வினைச்சொல் உருவாக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், அவர் செய்தாரா தூங்கினாரா என்று தெரியாது. "இடது நெற்றிப்புறம் செயல் குறைவு" என்று முடிவு வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொத்தான் அழுத்தவையுங்கள், கண்ணுக்குக் கேமரா வையுங்கள், கண் மூடிய பகுதிகளைத் தனியே குறியுங்கள். அவர் மல்லாந்து படுத்திருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். குறட்டையோடு தலையும் ஆடும். இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. எம்ஆர்ஐ காட்டுவது நரம்பின் செயலை அல்ல, அதைத் தொடர்ந்து வரும் ரத்த ஓட்ட மாற்றத்தை. அப்னியாவில் மூளை ரத்தக்குழாய்கள் கரியமில வாயுவுக்கு எதிர்வினை புரியும் விதமே மாறியிருக்கலாம். நரம்பு அதே வேலையைச் செய்தும் ஸ்கேனில் சமிக்ஞை குறைந்து தெரியும். மூச்சைச் சிறிது நேரம் பிடித்து விடும் பணியைத் தனியே ஓட்டி, அதில் வரும் ரத்தக்குழாய் எதிர்வினையைக் கொண்டு மொழிப் பணியின் சமிக்ஞையைத் திருத்தாத ஒப்பீடுகளைச் சந்தேகத்தோடே படிக்க வேண்டும்.

நாக்கு

பேச்சும் மூச்சுவழியும் ஒரே தசைகளைப் பங்கிடுகின்றன. நாக்கை முன்னிழுக்கும் ஜீனியோகிளாசஸ் தசை, பன்னிரண்டாம் மூளை நரம்பால் இயங்குவது, பேசும்போது நாவை நகர்த்துகிறது, விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்து வைக்கிறது, உறக்கத்தில் தளர்கிறது. இதனால்தான் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு இந்நோயில் இடம் உண்டு. சாவோ பாலோவில் காட்டியா கிமாரெய்ஸ் குழு 2009ல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர அப்னியா உள்ளவர்கள் நாக்கு, மெல்லண்ணம், கன்னம் ஆகியவற்றுக்கான பயிற்சிகளைத் தினம் அரை மணி நேரம் மூன்று மாதம் செய்தபோது ஏஎச்ஐ 22.4லிருந்து 13.7க்கு இறங்கியது. நாவை மேலண்ணத்தோடு முழுதாக ஒட்டி உறிஞ்சுவது, நாநுனியை அண்ணத்தில் வைத்துப் பின்னே இழுப்பது, உயிர் ஒலிகளை விட்டுவிட்டும் நீட்டியும் ஒலிப்பது போன்றவை. லேசான, நடுத்தர நிலைக்குத் துணையாகலாம். 30க்கு மேல் இருப்பவர் மாஸ்க்குக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளக்கூடாது.

பக்கவாதம் வந்தவரிடம்

சொல் மெல்ல மெல்ல, சில மாதங்களாகத் தடுமாறுவது வேறு. திடீரென்று ஒரு நிமிடத்தில் பேச்சு குழறுவது, கேட்பது புரியாமல் போவது வேறு. பின்னது பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரமே அவகாசம் என்பதால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்னியா இருக்கிறது, மொழியிழப்பு வந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் அவர்களால் எப்வொர்த் படிவத்தை நிரப்ப முடியாது, "பகலில் தூக்கம் வருகிறதா" என்ற கேள்விக்கே ஆம் இல்லை மாறிவரும். அவர்களிடம் கேள்வித்தாளை விட்டுவிட்டு நேரே இரவுப் பதிவுக்குப் போகலாம். செயல் குறைந்த கையில் ஆக்சிமீட்டர் மாட்டினால் அசைவுப் போலிகளும் குறையும், அந்தக் கை குளிர்ந்திருந்தால் மட்டும் மறு கை. மாஸ்க் பழக்கும்போது நீண்ட விளக்கம் பயன்படாது. ஒரு படிக்கு ஒரு படம், ஒரு சிறு வாக்கியம், பிறகு செய்துகாட்டல், பிறகு அவரே செய்தல். ஒரு கை மட்டும் வேலை செய்கிறவருக்குக் கொக்கியைவிடக் காந்தப் பிடிப்புள்ள வார் எளிது. இதயத்தில் பேஸ்மேக்கரோ தலைக்குள் உலோகக் கிளிப்போ இருந்தால் காந்த மாஸ்க் ஆகாது, முன்பே கேட்டுவிட வேண்டும். ஒரு கையால் தானே கழற்ற முடிகிறது என்பதைப் பகலிலேயே பலமுறை செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் முதல் இரவு போட வேண்டும். வாந்தி வந்தால் மாஸ்க்கைக் கழற்ற முடியாதவருக்கு முழுமுக மாஸ்க் ஆபத்து. மூக்கு மாஸ்க்கே கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.